நான்கு கிலோ கடன்

நம் வீடு கடன்பட்ட வீடு. கூட்டுறவுச் சங்கத்திலே கடன், உரக்கடையிலே கடன், அக்காளின் வளையலை அடகு வைத்த வகையிலே கடன்! காவிரிப் படுகையில் ஐந்து மா நிலம் வைத்திருப்பவன் வீட்டில் இவை இல்லையென்றால்தான் வியப்பு. அவற்றுக்கெல்லாம் வட்டி உண்டு, வாயிற்படியேறிக் கேட்க ஆள் உண்டு. கேட்பாரில்லாத கடன் ஒன்றும் இருந்தது. இரண்டு கிலோ விதைநெல் வாங்கினோம். விளைந்ததும் நான்கு கிலோவாகத் தருவோம் என்று வாக்களித்தோம். விதை தந்தவர் நெல் ஜெயராமன். நாம் வாக்கைக் காப்பாற்றுமுன், 2018 டிசம்பர் 6 அன்று, சென்னை மருத்துவமனையொன்றில் அவர் இயற்கை எய்தினார். அகவை ஐம்பதுதான்!

திருத்துறைப்பூண்டியை அடுத்த கட்டிமேடு அவர் ஊர். நுகர்வோர் உரிமைக்காக உழைத்துவந்தவரை நெல் அழைத்துக்கொண்டது. 2003-ஆம் ஆண்டு, இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் பூம்புகாரிலிருந்து கல்லணை வரை நடந்தாரே, அந்த நடையிலே அவரும் இருந்தார். வழியிலே உழவர்கள் காட்டிய பழைய நெல் வகைகள் அவரைப் பற்றிக்கொண்டன. பிறகு ஊர் ஊராக அலைந்தார். ஒரு வீட்டுக் குதிரின் அடியிலே ஒரு பிடி, ஒரு கிழவர் கொல்லையிலே இரு பிடி என்று திரட்டித் திரட்டி, 174 வகை நாட்டு நெல்லை மீட்டார். மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், கருங்குறுவை, பூங்கார், தூயமல்லி, குடவாழை! இப்பெயர்களை நாம் வகுப்பிலே கரும்பலகையில் எழுதியபோது பிள்ளைகள் சிரித்தார்கள். நெல்லுக்கு எண் மட்டுமே பெயர் என்று கேட்டு வளர்ந்த பிள்ளைகள், என் செய்வார்கள்!

இதனால் ஆடுதுறை ஆய்வு நிலையத்தைப் பழிப்பதாக எவரும் கருதவேண்டா. 1960-களில் ஆடுதுறை 27 வந்ததும், 1966-இல் ஐ.ஆர். 8 வந்ததும் பசிக்கு மருந்தாயின. அந்த நெல்லைத் தின்று வளர்ந்த வீட்டில் பிறந்தவர்தாம் நாமும். நாட்டரிசி எல்லா நோயையும் விரட்டும் என்று மேடையிலே முழங்குவோரோடும் நாம் உடன்படோம். அந்த நெல்லையே உயிரெனக் கொண்டவரைப் புற்றுநோய் கொண்டுபோயிற்று. அவர் நாடியதும் மருத்துவரைத்தான். ஆயினும் ஒன்று கேட்போம். உப்பேறிய கடலோர நிலத்துக்கென்று ஒரு நெல், ஆளுயரம் வளர்ந்து வெள்ளத்திலே நிற்பதற்கென்று ஒரு நெல் எனத் தலைமுறை தலைமுறையாக நம் உழவர் தேர்ந்தெடுத்த விதை அடியோடு தொலைந்தபின், அதை எந்தக் கடையிலே வாங்குவது?

2017-இன் கோடையிலே ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா. கல்லூரியில் முதலாண்டு முடித்திருந்த நம்மைத் தந்தையார் உடன் அழைத்துச் சென்றார். எத்தனை ஊர் உழவர்கள்! அவர்களிடையே ஜெயராமன் ஓடியாடிக்கொண்டிருந்ததைத் தொலைவிலிருந்துதான் கண்டோம், பேசவில்லை. தந்தையார் மாப்பிள்ளைச் சம்பா கேட்டார். பெயரும் ஊரும் எழுதிக்கொண்டு இரண்டு கிலோ தந்தார்கள். "ரெண்டுக்கு நாலா? கந்துவட்டிக்காரன் தோத்தான் போ!" என்று பாட்டியார் நகைத்தார். களத்திலே கோழி கொத்துவதே அதற்கு மேல் என்பது பாட்டியாருக்குத் தெரியாதா என்ன!

தை மாதம் நெல் வந்தது. நான்கு கிலோவைத் தனியே கட்டிவைத்தார் தந்தையார். மாசியில் அக்காளுக்குத் திருமணம். விருந்துக்கு வந்த உறவினர் ஒருவர் அந்த நெல்லைக் கண்டு ஆசைப்பட, கூச்சத்தால் மறுக்க இயலாமல் மூட்டையோடு கொடுத்துவிட்டார்கள். கோடையில் மறுபடி விழா வந்தபோது, "வெறுங்கையோட எப்படிப் போறது, தம்பி? அடுத்த வருசம் சேர்த்துக் குடுப்போம்" என்றார் தந்தையார். அந்த அடுத்த வருசத்துக்குள் என்னவெல்லாம் நேர்ந்துவிட்டது!

அவர் நோயுற்ற செய்தி நாளேடுகளிலே வந்தது. மருத்துவச் செலவுக்கு உதவி தேவை என்பதும் வந்தது. விதையை விலைக்கு விற்காமல் அள்ளியள்ளித் தந்தவர் அவர். அவருக்கும் ஒரு வீடு இருந்தது. மனைவி இருந்தார், பள்ளி செல்லும் பருவத்திலே ஒரு மகன் இருந்தான். அவர் அலைந்த நாள்களில் அந்த வீட்டு அடுப்பு எப்படி எரிந்தது என்று விதை வாங்கியவர்களில் எத்தனை பேர் கேட்டிருப்போம்? நாம் கேட்கவில்லை. நல்லவர்கள் சிலர் முன்வந்தார்கள். மகனின் கல்விச் செலவைத் திரைப்பட நடிகர் சிவகார்த்திகேயன் ஏற்றார். கேட்டு நெகிழ்ந்தோம், அதே நொடியில் தலைகுனிந்தோம். கைதட்டுவது எளிதாயிருந்தது நமக்கு!

2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் வேதாரணியத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரையேறியது. தென்னைகள் முறிந்தன, ஓடுகள் பறந்தன, அரை மாவில் நட்டிருந்த மாப்பிள்ளைச் சம்பா பாய் விரித்தாற்போல் படுத்துவிட்டது. உயரமாய் வளரும் பயிருக்குக் காற்றுதானே பகை! இருபது நாள் கழித்து, மின்விளக்கு இன்னும் எரியாத நம் தெருவில் அண்டை வீட்டார் வந்து சொன்னார், "நெல்லு ஜெயராமன் போயிட்டாராம்." தந்தையார் மிதிவண்டியை எடுத்துக்கொண்டு கட்டிமேடு சென்றார். அவ்வீட்டார் முகம் பார்க்க நாணி, கூட்டத்தின் ஓரத்தில் நின்றுவிட்டுத் திரும்பினார். அன்றிரவு அவர் சோறு உண்ணவில்லை. "அந்த மனுசன் நம்மகிட்ட கேட்டது நாலு கிலோதான்" என்றார். பிறகு அதுபற்றிப் பேசவேயில்லை.

படுத்த பயிரில் ஒரு பகுதி அழுகியது, ஒரு பகுதி தட்டுத் தடுமாறிக் கதிர் விட்டது. அறுத்துத் தூற்றிப் பார்த்தால் மூன்று மரக்கால்தான். அதாவது, ஏழு கிலோ. மறு ஆண்டு விதைக்கே போதாது. பாட்டியார், "வீட்டுக்கு எடுத்து வச்சிட்டு மிச்சத்தைக் குடு" என்றார். தந்தையார் செவிசாய்க்கவில்லை. முதலில் நான்கு கிலோவை நிறுத்துத் துணிப்பையிலே கட்டினார். எஞ்சியதைக் கோட்டை கட்டிப் பரணில் ஏற்றினார்.

2019-இல், அவரில்லாத முதல் விழாவிலே, வரிசையில் நின்று பையைக் கொடுத்தோம். ஈராண்டுத் தாழ்வைத் தந்தையார் சொல்லத் தொடங்கினார்; அங்கிருந்த இளைஞருக்கு அதைக் கேட்க நேரமில்லை. பின்னே இன்னும் நாற்பது பேர் நின்றார்கள். ஊர், பெயர், வகை, அளவு என்று எழுதிக்கொண்டு, "வேறு ஏதாவது ரகம் வேணுமா, ஐயா?" என்று கேட்டார்.

தந்தையார் நம்மைப் பார்த்தார். பிறகு பூங்கார் இரண்டு கிலோ வாங்கிக்கொண்டார்.