சவுக்கு வளையமும் ஒரு பொங்கல் பானையும்



2018-ஆம் ஆண்டு டிசம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை. ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை. மாலை ஐந்து மணியளவில் பினாங்கிலுள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டின் கதவு தட்டப்பட்டது. திறந்தேன். எதிர்வீட்டு அம்மையார் ஒரு தட்டில் நான்கு சிவப்பு மெழுகுவத்திகளை ஏந்தியபடி நின்றிருந்தார்.

“பலகணி வெயிலில் நான்கும் வளைந்துவிட்டன. உருட்டி நிமிர்த்தியிருக்கிறேன். உங்கள் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு மணி நேரம் வைத்துத் தருவீர்களா? என் பெட்டி முழுவதும் பிஸ்கட் மாவு” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

எங்கள் இரு குடும்பங்களுக்கும் இடையிலான நட்பு அப்படித்தான் தொடங்கியது.

அவர்கள் ஜெர்மனி நாட்டினர். கணவர் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் பொறியாளர். மூன்றாண்டுப் பணிக்காக வந்தவர்கள். ஏழு வயதில் ஒரு மகள். சொந்த நாட்டுக்கு வெளியே அவர்கள் கொண்டாடவிருந்த முதல் கிறிஸ்துமஸ் அது.

நிமிர்ந்த மெழுகுவத்திகளைத் திருப்பிக் கொடுக்கச் சென்றபோது, எங்களையும் உள்ளே அழைத்து அமரவைத்தார். மேசைமீது பச்சை வளையம் ஒன்று இருந்தது. கிறிஸ்துமஸ் நாளுக்கு முந்திய நான்கு ஞாயிறுகளைக் கொண்டது திருவருகைக் காலம். முதல் ஞாயிறு ஒரு மெழுகுவத்தி, அடுத்த ஞாயிறு இரண்டு என ஒவ்வொன்றாகக் கூட்டி ஏற்றுவது ஜெர்மானிய வீடுகளின் வழக்கம். அங்கே வளையத்தைச் சுற்றி ஊசியிலை மரக்கிளைகளைக் கட்டுவார்கள். இங்கே அதற்கு எங்கே போவது? கடற்கரையில் உதிர்ந்து கிடந்த சவுக்குக் கிளைகளைத் தாயும் மகளும் பொறுக்கி வந்து கட்டியிருந்தனர். தோற்றத்தில் ஒத்திருந்தாலும் சவுக்கு ஊசியிலை மரவகையைச் சேர்ந்ததன்று. அந்த அம்மையாரும் அதனை அறிந்தே இருந்தார். “பச்சையாக இருக்கிறது, அது போதும்” என்றார். கிளைகளைத் தாங்கிய வைக்கோல் வளையம் மட்டும் ஊரிலிருந்து பெட்டியில் வந்தது.

டிசம்பரில் அவர்களுடைய ஊரில் நான்கு, நான்கரை மணிக்கே இருட்டிவிடுமாம். பினாங்கில் கதிரவன் மறைய ஏழு மணிக்கு மேல் ஆகும். காத்திருக்கச் சிறுமிக்குப் பொறுமையில்லை. எனவே, திரைச்சீலைகளை இழுத்து மூடி இருளை உண்டாக்கினார்கள். குளிரூட்டியைத் தாழ்த்தி வைத்தார்கள். முதல் சுடர் ஏற்றப்பட்டது. வெளியே வெயில், உள்ளே டிசம்பர்.

ஆசிரியர் என்னும் முறையில் என்னை ஈர்த்தது அவ்வளையத்தின் வரலாறு. 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ஹம்பர்க் நகரில் யோகான் ஹின்ரிக் விக்கேர்ன் என்னும் சமயப்பணியாளர் வாழ்ந்தார். ஏழைச் சிறுவர்களுக்காக 1833-இல் ஓர் இல்லத்தைத் தொடங்கியவர் அவர். கிறிஸ்துமஸ் எப்போது வரும், எப்போது வரும் என்று பிள்ளைகள் நாள்தோறும் நச்சரித்தார்களாம். 1839-இல் அவர் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்து, ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை மெழுகுவத்திகளையும் மற்ற நாள்களுக்குச் சிறிய சிவப்பு மெழுகுவத்திகளையும் அதில் பொருத்தினார். நாளுக்கு ஒன்றாக ஏற்றி, பிள்ளைகள் தாமே எண்ணிக்கொண்டார்கள். இன்றைய வளையத்திற்கு அச்சக்கரமே மூலம் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. எண்ணவும் காத்திருக்கவும் கற்றுத்தந்த ஒரு பயிற்றுத் துணைப்பொருள் என்றே அதனை நான் பார்க்கிறேன்.

டிசம்பர் 6, புனித நிக்கோலாஸ் நாள். முந்திய இரவே பிள்ளைகள் தங்கள் காலணியைத் துடைத்துக் கதவருகே வைப்பர். விடிந்து பார்த்தால் அதனுள் இனிப்பு இருக்கும். எதிர்வீட்டுச் சிறுமியும் காலணியை வைத்தாள். அருகில் மூன்றாம் ஆண்டு மாணவனான என் மகனின் பள்ளிக் காலணியும் இடம்பிடித்தது. காலையில் எழுந்தால் இரண்டிலும் சாக்லெட் உருகி வழிய, எறும்புகள் படையெடுத்திருந்தன. சிறுமி விம்மி அழுதாள். அன்றிரவு தாய் மீண்டும் காலணிகளை வைக்கச் சொன்னார். மறுநாள் அவற்றுள் வறுத்த நிலக்கடலையும் மாண்டரின் ஆரஞ்சும் இருந்தன. கொட்டைப் பருப்பும் ஆரஞ்சும் அங்கும் அந்நாளுக்குரியவையே என்பதால் மரபும் குலையவில்லை; எறும்பும் வரவில்லை.

பிஸ்கட் சுடுவதும் அப்படித்தான். பிறைவடிவப் பாதாம் பிஸ்கட்டுக்கு வெண்ணெய் மிகுதி. நம் வெப்பத்தில் மாவு கையோடு ஒட்டிக்கொள்ளும். கைப்பிடி மாவை எடுத்து விரைந்து பிறையாக்குவது, மிச்சத்தைக் குளிரில் வைப்பது, மறுபடி எடுப்பது என ஒரு மணி நேர வேலை அரைநாளை விழுங்கியது. அந்த வேலையின்போது அம்மையார் மகளிடம் ஜெர்மன் மொழியில் மட்டுமே பேசினார். சிறுமி பன்னாட்டுப் பள்ளியில் பயில்பவள். முதலில் ஆங்கிலத்திலேயே மறுமொழி கூறினாள். மாவு, சல்லடை, பிறை, இன்னும் கொஞ்சம், போதும் என்று கைவேலைக்குரிய சொற்கள் மெல்ல மெல்லத் தாய்மொழியில் வரத் தொடங்கின. மொழிபெயர்ப்பு கேட்க வேண்டிய தேவையே எனக்கு ஏற்படவில்லை.

மூன்றாம் ஞாயிறு, மூன்று சுடர்கள் எரிந்துகொண்டிருந்தபோது அந்த அம்மையார் என் மகனிடம் கேட்டார்.

“இப்படி நாள் எண்ணிக் காத்திருக்கும் திருநாள் உங்கள் வீட்டில் எது?”

அவன் சிறிது எண்ணிப் பார்த்து, “பொங்கல். பள்ளியில் பெரிய பானை வைப்பார்கள்” என்றான்.

“வீட்டில்?”

அவன் என்னைப் பார்த்தான். நான் மெழுகுவத்தியைப் பார்த்தேன்.

இருபது ஆண்டுகளாகத் தமிழ்ப்பள்ளியில் பணியாற்றுகிறேன். ‘பொங்கல் திருநாள்’ என்னும் தலைப்பில் எத்தனை கட்டுரைகள் திருத்தியிருப்பேன்! அதிகாலையில் எழுந்து, வாசலில் கோலமிட்டு, புதுப்பானையில் பால் பொங்கும்போது அனைவரும் மகிழ்வொலி எழுப்புவர் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டவளும் நான்தான். என் மகனோ வீட்டில் பால் பொங்கி ஒருமுறையும் கண்டதில்லை. என் தாயார் 2010-இல் மறைந்தபோது அவனுக்கு ஒரு வயது. அவரோடு வீட்டுப் பொங்கலும் நின்றுபோனது. கோயிலிலிருந்து வரும் ஒரு கிண்ணப் பொங்கல் எங்களுக்குப் போதுமானதாகிவிட்டது.

காரணங்கள் என்னிடம் ஆயத்தமாக இருந்தன. அடுக்குமாடியில் வாசல் இல்லை. சமையலறை மேற்குப் பார்த்தது. எல்லாவற்றிற்கும் மேலாக நேரம். 1982-ஆம் ஆண்டு முதல் நாள் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரைமணி நேரம் முன்னால் நகர்த்தப்பட்டது. கதிரவன் நகரவில்லை. தை முதல் நாளில் பினாங்கில் கதிர் எழும்போது மணி ஏழரை ஆகிவிடும். அவ்வேளையில் நான் பள்ளித் திடலில் நிற்க வேண்டும். பின் எப்படிப் பொங்கல் வைப்பது?

டிசம்பர் 24 மாலை மீண்டும் அழைப்பு. அவர்களுக்கு அந்த முன்னிரவுதான் முதன்மையானது. உருளைக்கிழங்குக் கலவையும் தொத்திறைச்சியும் இரவு உணவு. நாங்கள் சைவம் என்பதால் உருளைக்கிழங்கு மட்டும் தனியே எடுத்து வைக்கப்பட்டிருந்தது. சிறுமணி ஒலித்ததும் சிறுமி மரத்தடிக்கு ஓடினாள். இரவு எட்டு மணிக்கு, அங்கே பிற்பகல் ஒரு மணி, பாட்டி காணொளி அழைப்பில் வந்தார். பனி பெய்கிறதா என்று என் மகன் ஆவலோடு கேட்டான். மழை என்று விடை வந்தது. பனிபொழியும் கிறிஸ்துமஸ் தங்கள் ஊரிலேயே அரிது, வாழ்த்து அட்டையில்தான் அது ஆண்டுதோறும் தவறாமல் பெய்யும் என்று அம்மையார் சிரித்தார்.

அழைப்பு முடிந்ததும் சிறுமி அழுதாள். பாட்டி இல்லாதது உண்மையான கிறிஸ்துமஸ் ஆகாது என்றாளாம். தாய் அவளைத் தேற்றித் தூங்கவைத்துவிட்டு வந்து என்னருகில் அமர்ந்தார்.

“அவள் சொல்வது சரிதான். இது அதைப்போல இல்லை. ஆனால், நான் செய்யாவிட்டால் அவளுக்கு ஒப்பிட்டு அழவும் ஒன்றும் இருக்காது. மூன்றாண்டு கழித்துத் திரும்பும்போது சொந்த வீட்டிலேயே அவள் விருந்தாளியாக நின்றுவிடுவாளோ என்றுதான் எனக்கு அச்சம்.”

அவருக்கு மூன்றாண்டு அச்சம். நம் முன்னோர் கப்பலேறி வந்து நூறாண்டுகளுக்கு மேலாகிவிட்டது. நான் ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் சுங்கைப் பட்டாணியில் இருக்கும் பெரியம்மாவைத் தொலைபேசியில் அழைத்தேன். அம்மாவின் அக்காள், தோட்டத்தில் பால்மரம் சீவியவர். லயத்து வீட்டில் விடியற்காலையில் எப்படிப் பொங்கல் வைத்தீர்கள் என்று கேட்டேன்.

“விடியக்காலையிலயா? யாருடி சொன்னா? விடியக்காலையில பெரட்டுக்கு நிக்கணும். மரம் வெட்டி, பால நிறுத்துக் குடுத்துட்டு வந்த பெறகுதான் அடுப்பே மூட்டுவோம். ஒங்கம்மா சாயங்காலம்கூட வெச்சிருக்கா. சூரியன் என்ன கங்காணியா, நேரமாச்சுன்னு பேர வெட்டறதுக்கு?”

நான் கரும்பலகையில் எழுதிப்போட்ட பொங்கல் வேறு. என் தாயார் வைத்த பொங்கல் வேறு. மேசையில் சவுக்குக் கிளையை வைத்தவரைப் போலவே, என் குடும்பத்தாரும் கிடைத்த நேரத்தில், கிடைத்த விறகில் பொங்கியிருக்கிறார்கள். எனக்குத் தெரியாமற் போனது அதுதான்.

சனவரி முதல் நாள் மகன் ஒரு தாளில் பதினைந்து கட்டங்கள் வரைந்து குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினான். நாளுக்கொரு கட்டத்திற்கு வண்ணம் தீட்டினான். ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் சிறிய மண்பானையும் மஞ்சள் கொத்தும் வாங்கினோம். “இதற்குக் கொத்து என்று பெயரா?” என்று கேட்டான்.

2019 சனவரி 15, செவ்வாய்க்கிழமை. பள்ளி நாள். மாலை ஐந்து மணிக்கு எரிவாயு அடுப்பில் பானையை ஏற்றினேன். மேற்குப் பார்த்த சமையலறை என்று குறைப்பட்டேன் அல்லவா? அதன் சாளரம் முழுவதும் அப்போது கதிரவன்தான். எதிர்வீட்டுத் தாயும் மகளும் வந்து நின்றனர். மகன் கண் இமைக்காமல் பானையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பால் நுரைத்தெழுந்து நாற்புறமும் வழிந்து அடுப்பையே அணைத்துவிட்டது. “பொங்கலோ பொங்கல்!” என்று அவன் கூவினான். சிறுமி அதனைத் தனக்கு வந்தவாறு கூவினாள். அரிசி அடிப்பிடித்தது. நெய்யும் அளவுக்கு மீறிவிட்டது. என் தாயார் இருந்திருந்தால் இரண்டையும் சொல்லிக் காட்டியிருப்பார். அந்த நினைவு வந்ததும் நான் சற்று அப்பால் போய் நின்றுகொண்டேன்.

அவ்வாரம் வகுப்பில் கட்டுரைத் தலைப்பை எழுதும் முன்பு ஒன்று கேட்டேன். வீட்டில் பால் பொங்கிப் பார்த்தவர் யார்? பாதிக் கைகள்கூட உயரவில்லை. ஆதலால், அவ்வாண்டு குறிப்புச் சொற்களைக் கொடுக்கவில்லை. உங்கள் வீட்டில் அன்று என்ன நடந்ததோ அதை மட்டும் எழுதுங்கள் என்றேன். ஒரு மாணவன் நான்கே வரிகள் எழுதினான். அம்மாவுக்கு இரவு வேலை, அப்பா பானையைத் தேடினார், கிடைக்கவில்லை, சோற்றுப் பானையில் வைத்தோம் என்று. நான் திருத்திய பொங்கல் கட்டுரைகளில் அதுவே சிறந்தது.

ஆசிரிய நண்பர்களே, பெற்றோர்களே, நம் பிள்ளைகளிடம் திருநாளைப் பாடமாகக் கொடுத்துவிட்டுச் செய்கையை நாம் நிறுத்திவிட்டோமோ என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். நேரம் தவறினாலும் பொருள் மாறினாலும் பிள்ளையின் கை அதில் படட்டும்.

2021-இல் எதிர்வீட்டார் நாடு திரும்பினர். புறப்படும்போது, அந்த வைக்கோல் வளையத்தை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அடுத்த தைக்கு வந்த பெரியம்மா அதைக் கையிலெடுத்துத் திருப்பிப் பார்த்தார். “நல்ல பிரிமணைடி, எங்க வாங்குன?” என்றார். பானையை இறக்கி வைக்க நாங்கள் அடுக்களையில் வைக்கோலால் முறுக்கும் அதே பிரிமணை!

இன்றும் தை முதல் நாள் எங்கள் பொங்கல் பானை அதன்மீதுதான் அமர்கிறது.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியை