நேசமணிக்கு அடிபட்ட அன்னைக்கு

2019 மே மாசக் கடைசி. டெல்லியில மோடி ரெண்டாவது தடவை பதவியேற்கிற நேரம். நம்ம சனம் செல்போன்ல காண்ட்ராக்டர் நேசமணி பிழைக்கணும்னு வேண்டிக்கிட்டு இருந்துச்சு. உங்களுக்கும் ஞாபகம் இருக்கும்.

கட்டட இன்ஜினியரிங் படிக்கிறவங்களுக்கான ஃபேஸ்புக் பக்கம் ஒண்ணுல சுத்தியல் படத்தைப் போட்டு, உங்க ஊர்ல இதுக்கு என்ன பேருன்னு கேட்டிருக்காங்க. பதில் சொன்ன தமிழ்க்காரர் பேரோட நிறுத்தல. நேசமணி மண்டை உடைஞ்சது இதாலதான்னு சேர்த்துட்டார். 2001-ல வந்த 'ஃப்ரெண்ட்ஸ்' படத்துல வடிவேலு தலையில விழுமே, அதான். ஆளு இப்ப எப்படி இருக்கார்னு இன்னொருத்தர் கேட்க, பத்திக்கிச்சு. ஆஸ்பத்திரி அறிக்கை, பிரேக்கிங் நியூஸ்னு ஆளாளுக்குச் செஞ்சு விட்டாங்க. யாரும் கூலி குடுக்கல. உலக டிரெண்டிங் வரைக்கும் போயிருச்சு.

வெட்டிப் பசங்கன்னு டீக்கடையில திட்டினாங்க. எனக்கு அப்படித் தோணல. கூத்துல கட்டியங்காரன் ஊர்க்கதையைச் சேர்த்து அடிச்சு விடுவானே, அதே வேலைதான். 2016-ல முதலமைச்சருக்காக 75 நாள் ஆஸ்பத்திரி சேதி கேட்டுப் பழகின சனம், அதே மரியாதையை ஒரு பெயிண்ட் காண்ட்ராக்டருக்குக் குடுத்துச்சு.

எனக்கு அந்தப் படத்தை அனுப்பினவன் எங்க தெருப் பையன். திருப்பூருக்கு பெயிண்ட் வேலைக்குப் போய் சாரத்துல இருந்து விழுந்தவன். கால்ல கட்டோட திண்ணையில உக்காந்து சிரிச்சுக்கிட்டு இருந்தான். அவனை எப்படி இருக்கேன்னு கேட்டு மேஸ்திரிகிட்ட இருந்து ஒரு போன்கூட வரல.