மூன்றாண்டு வாழ்ந்த கட்சி

அடிமைப்பட்ட தேசங்களின் சரித்திரத்தைப் பிள்ளைகளுக்குப் போதிக்கையில், சுதந்திரக் கொடி ஏறியவுடன் நாம் புஸ்தகத்தை மூடிவிடுகிறோம். கென்யாவின் கதையை அவ்வளவில் நிறுத்துவது நியாயமன்று.

1953-ல் கப்பெங்கூரியா வழக்கில் வெள்ளைக்கார சர்க்காரால் தண்டிக்கப்பட்ட அறுவரில் ஜோமோ கென்யாட்டாவும் பில்டாட் காகியாவும் இருந்தனர். கென்யாட்டாவின் பெயரைச் சொல்லவே பலர் அஞ்சிய 1958-ல், சிறையிலிருப்பவர்களே எங்கள் தலைவர்கள் என்று சட்டசபையில் துணிந்து கூறியவர் ஒகிங்கா ஒடிங்கா. 1963-ல் சுதந்திரம் வந்தது. மறு ஆண்டு கென்யாட்டா ஜனாதிபதியானார், ஒடிங்கா உப ஜனாதிபதியானார்.

பிளவு நிலத்தில் தொடங்கிற்று. வெள்ளையர் விட்டுச் சென்ற பூமியை ஏழைகளுக்கு இனாமாக வழங்க வேண்டும் என்றார் காகியா. சர்க்காரோ கடன் கொடுத்து, விலைக்கு விற்றது. பாட்டன் பறிகொடுத்த பூமிக்குப் பேரன் கடன்பட வேண்டுமாம்! 1965-ல் ஒரு பொதுக் கூட்டத்தில் கென்யாட்டா, தம்முடன் சிறையிருந்த மற்றவர்களின் செல்வத்தைச் சுட்டிக்காட்டி, உமக்கென்று நீர் என்ன தேடிக்கொண்டீர் என்று காகியாவைக் கேட்டார். தியாகிக்கு இதைவிடப் பெரிய நற்சாட்சிப் பத்திரம் வேறு கிடைக்குமா என்றே நமக்குத் தோன்றுகிறது.

1966-ல் ஒடிங்கா ராஜீனாமாச் செய்தார். கென்யா மக்கள் ஐக்கியக் கட்சி உதயமாயிற்று. உடனே அரசியல் சட்டம் திருத்தப்பட்டது: கட்சி மாறியவர்கள் மறுபடி தேர்தலுக்கு நிற்க வேண்டும். இருபத்தொன்பது ஸ்தானங்களில் புதுக் கட்சிக்குக் கிடைத்தவை ஒன்பதே. காகியாவும் தோற்றார். எனினும் மொத்த ஓட்டுகளைக் கூட்டினால் அக்கட்சிக்கே அதிகம்.

1968-ல் ஸ்தல ஸ்தாபனத் தேர்தல் வந்தது. அக்கட்சி நிறுத்திய அபேட்சகர்கள் சுமார் 1,800 பேர். அத்தனை பேருடைய நியமன மனுவும் பிழையென்று தள்ளப்பட்டது. இத்தனை வருஷமாகப் பரீட்சைத் தாள் திருத்துகிறோம். ஒரு வகுப்பு முழுவதும் ஒரே கணக்கில் தவறினால் பிள்ளைகளை அல்ல, கணக்கைத்தான் சந்தேகிப்போம். அதே ஆண்டில், அனுமதியின்றிக் கூட்டம் கூட்டினார் என்று காகியா மறுபடி சிறை புகுந்தார். இம்முறை பூட்டியது சுதேச சர்க்கார்.

1969 ஜூலையில் மந்திரி டாம் ம்போயா சுட்டுக் கொல்லப்பட்டார். நாடே கொந்தளித்தது. அக்டோபர் 25-ந் தேதி, ஒடிங்காவின் சொந்தப் பிரதேசமான கிசுமுவில் ஆஸ்பத்திரி திறக்கக் கென்யாட்டா வந்தார். மேடையிலேயே இருவருக்கும் வாக்குவாதம், ஜனங்களிடையே கலவரம், போலீசார் சுட்டனர். சர்க்கார் கணக்கிலேயே பதினோரு பேர் மாண்டனர். ஐந்தாம் நாள் கட்சி தடை செய்யப்பட்டது. ஒடிங்காவை விசாரணையின்றிக் காவலில் வைத்தார்கள், 1971-ல்தான் விட்டார்கள்.

அதன்பின் இருபத்திரண்டு வருஷம் அங்கே எதிர்க்கட்சி என்பதே கிடையாது. 1991-ல் அந்தக் கதவு மறுபடி திறந்தது. திறக்கப் போராடியவர்களின் முன்வரிசையில், எண்பது வயதில், ஒடிங்கா நின்றார்.