பழுத்தலும் கனிதலும்

தில்லியில் தாவர மரபியல் ஆய்வு செய்யும் தோழி ஒருத்தி, இராயக்கோட்டைத் தக்காளி விவசாயிகளுக்கான துண்டறிக்கை ஒன்றைத் தமிழாக்கித் தரக் கேட்டாள். அதில் 'ரின்' என்றொரு மரபணு. 'ரைப்பனிங் இன்ஹிபிட்டர்' என்பதன் சுருக்கம். மொழியியல் பட்டம் தந்த துணிச்சலில் 'பழுத்தலைத் தடுக்கும் மரபணு' என்று எழுதிக் கொடுத்தேன். ஐந்நூறு படிகள் அச்சேறிய பின்னரே தோழி அவ்வரியைக் கவனித்தாள்.

உண்மையில் ரின் பழுக்க வைக்கும் மரபணு. எத்திலீன் சுரப்பு, நிறமேற்றம், செல்சுவர்க் கரைவு ஆகியவற்றுக்குரிய மரபணுக்களை முடுக்கிவிடுவது அதன் புரதமே. அது திரிபுற்ற செடியின் காய்கள் சிவக்காமல் நெடுநாள் கெட்டியாகவே நின்றதை 1960களில் கண்டனர். அக்கோளாற்றுக்கு இட்ட பெயர் மரபணுவுக்கே நிலைத்துவிட்டது. விளக்கணைந்த வீட்டைக் கண்டு மின்கம்பிக்கு 'இருட்டி' எனப் பெயரிட்டாற்போல. என் வரியை நம்பும் விவசாயி, அம்மரபணு கெட்டால் காய் விரைந்து பழுக்கும் என்றல்லவா எண்ணுவார்?

கதை அத்துடன் முடியவில்லை. 2017இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கிரிஸ்பர் முறையால் ரின்னை முற்றாகச் செயலிழக்கச் செய்தபோது, காய்கள் பச்சையாகவே நிற்கவில்லை, ஓரளவு சிவந்தன. பழைய திரிபில் ரின் அண்டை மரபணுவோடு ஒட்டிக்கொண்டு, பழுத்தலை முனைந்து தடுக்கும் புதுப் புரதமொன்றை ஆக்கியிருந்தது. ஆக, மரபணுவுக்குப் பொருந்தாத பெயர் திரிபுக்கு மிகப் பொருந்துகிறது! இத்திரிபை ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் பெறும் கலப்பினங்களே நெடுநாள் தாங்கும் தக்காளிகள் பலவும். சுவையில் அவை சற்றே பின்தங்குவதற்கும் காரணம் இதுவே: ஒரு விசையை அமுக்கினால் நிறம், மணம், மென்மை மூன்றும் சேர்ந்தே தளர்கின்றன.

2016இல் நாட்டிங்காம் பல்கலைக்கழகக் குழு வேறு வழியில் சென்றது. செல்சுவரின் பெக்டினைச் சிதைக்கும் பெக்டேட் லையேஸ் நொதியை மட்டும் அடக்கியது. பழம் வழக்கம்போல் சிவந்தது. மென்மையாவது மட்டும் தாமதித்தது.

இதைப் படித்தபோது அம்மாவின் சொற்கள் நினைவுக்கு வந்தன. சந்தையில் அவர் 'செங்காய்' பொறுக்குவார், 'அளிந்த'தை ஒதுக்குவார். ஆங்கிலம் 'ரைப்பனிங்' என்று ஒன்றாய்க் கட்டியதைத் தமிழ் பழுத்தல், கனிதல், அளிதல் எனப் பிரித்தல்லவா வைத்திருக்கிறது! (பேச்சில் இவை கலந்தே வழங்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.)

ஐந்நூறு படிகளிலும் திருத்தச் சீட்டு ஒட்டினோம். அதில் 'ரின்: காயைப் பழுக்க வைக்கும் மரபணு. இதன் திரிபே பழுத்தலைத் தடுக்கும்' என்று எழுதினேன். இரவு இரண்டு மணியாயிற்று; பசை தீர்ந்து, கடைசி நாற்பதைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டினோம்.