குளம்பும் குழம்பும்

குதிரையை விரும்புவோருக்கு அதனைப் பற்றிய சொற்பிழைகள் முள்ளாய்க் குத்தும். அவர்களுள் யானும் ஒருவன். கொலன்னாவையில் என் இல்லத்திலிருந்து மாணவர்தம் கட்டுரைக் கொப்பிகளைத் திருத்துங்கால், 'குதிரையின் குழம்பு தேய்ந்தது' என்னும் தொடர் அடிக்கடி எதிர்ப்படும். சோற்றில் ஊற்றுவது குழம்பு. காலில் உள்ளது குளம்பு. பரி ஓடும், பறி மீன் பிடிக்கும். கணை என்பது அம்பு. குதிரை எழுப்பும் ஒலி கனைப்பு.

பிழைபோல் தோன்றுவன எல்லாம் பிழையுமல்ல. 'குதிரைக் கன்று' என்றெழுதும் மாணவனை நகைத்தல் வேண்டா. தொல்காப்பிய மரபியல் அதற்கு இடந்தருகின்றது. மாவிட்டபுரத்தின் 'மா'வை மாமரமெனக் கொள்வோர் உளர். அது குதிரையாகும், குதிரைமுகம் நீங்கப்பெற்ற சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லியின் ஐதிகத்தோடு இயைந்த பெயர் அது.

எழுத்துப் பிழையினும் பெரிது, பொருட்பிழை. நெடுந்தீவில் திரியும் மட்டக்குதிரைகளைப் பலரும் 'காட்டுக் குதிரைகள்' என்பர். அவை காட்டில் தோன்றியவையல்ல. ஐரோப்பியர் ஆட்சிக்காலத்தில் அங்கு வளர்க்கப்பட்ட குதிரைகளின் வழிவந்தவை. அவற்றுக்கு நம்மவர் வழக்கிலேயே தக்க சொல் உண்டு: கட்டாக்காலி. 'காட்டுக் குதிரை' என்றால், காடு காக்குமென்று வாளாவிருப்போம். 'கட்டாக்காலி' என்றாலோ, முன்பு கட்டி வளர்த்தவர் மனிதரே என்பது நினைவில் எழும். கோடையில் நீர்நிலைகள் வற்றும் அத்தீவில், தொட்டியில் நீர் நிரப்புவது யார் கடன் என்பதையும் அச்சொல்லே உணர்த்திவிடும்.