ஹாண்டிகேப்பும் நாமும்

தமிழ்ச் சங்கத்துத் திங்களிதழில் கோல்ஃப் ஆட்டத்தைப் பற்றி எழுதப் புகுந்தோம் என்றால் அன்பர் சிலர் முறுவலிப்பர் என்பதை அறிவோம். பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு எங்கே நடக்கிறது என்று வினவுவோரும், பொங்கல் விழாவுக்கு நன்கொடை திரட்டுவோரும் புரட்டுகின்ற பக்கத்தில் இந்தக் குழிப்பந்தாட்டத்துக்கு என்ன வேலை? ஆயினும் செகந்திராபாத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் வாழும் நம்மவருள் இவ்வாட்டத்தில் ஈடுபட்டோர் சிலரேனும் உளர். ஞாயிற்றுக்கிழமை வைகறையில் மட்டைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியேறி, நண்பகலில் முகம் வாடித் திரும்பும் கணவரைக் கண்டு, 'இவருக்கு அப்படி என்ன குறை' என்று வியக்கும் இல்லத்தரசியாரும் உளர். அந்தக் குறைக்குப் பெயர் ஹாண்டிகேப் என்பது.

அஃது யாது என்பதை முதலில் சொல்லிவிடுகின்றோம். கோல்ஃப் திடலில் 18 குழிகள். கைதேர்ந்த ஒருவர் அனைத்தையும் இத்தனை அடிகளில் முடிப்பார் என்று ஓர் அளவு வைத்திருக்கின்றனர், பெரும்பாலும் 72. தம் நல்ல நாள்களில் ஒருவர் இத்தகைய அளவைவிட எத்தனை அடி மிகுதியாக எடுக்கக்கூடும் என்பதைக் காட்டும் எண்ணே ஹாண்டிகேப். எண் சிறுக்கச் சிறுக்க ஆட்டம் பெருகும். 2020 முதல் உலகம் முழுவதற்கும் ஒரே கணக்கு முறை வந்துள்ளது. கடைசியாக ஆடிய 20 ஆட்டங்களை எடுத்துக்கொண்டு, அவற்றுள் மிகச் சிறந்த 8-இன் சராசரியைக் காண்கின்றனர். திடலின் கடுமையும் கணக்கில் சேரும். 71 என்று மதிப்பிட்ட திடலில் ஒருவர் 80 அடித்தால் மிகுதி 9. அத்திடலின் ஸ்லோப் என்னும் கடுமை எண் 130 ஆயின், 9-ஐ 113-ஆல் பெருக்கி 130-ஆல் வகுக்க 7.8 கிடைக்கும். கணக்குப் பிடிக்காத அன்பர்கள் இவ்விடத்தை விரைந்து கடந்து செல்லலாம். எண் தாழவேண்டும் என்பது ஒன்றே நினைவிலிருந்தால் போதும்.

நம்முடைய எண் பல்லாண்டுகளாக 7.2 என்னும் அளவிலே நின்றிருந்தது. தொழிலாக அன்றிப் பொழுதுபோக்காக ஆடுவோருக்கு அது தாழ்ந்ததோர் எண்ணே. நமக்கும் அதில் செருக்கு உண்டு. அதனை 5-க்கு இறக்கிவிட வேண்டுமென்ற ஆசை பற்றிக்கொண்டது. ஆசை பற்றியவர் எல்லாரும் செய்வதையே நாமும் செய்தோம்: புதிய டிரைவர் மட்டை ஒன்று வாங்கினோம். அதன் விலையை இன்றுவரை வீட்டில் முழுமையாகச் சொன்னதில்லை. பயிற்சித் திடலில் நாள்தோறும் நூறு பந்துகளை வானளாவ அடித்தோம். எண் அசையவில்லை.

2021ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், ஒரு சனிக்கிழமை விடியலில், பதினொரு வயது நிரம்பிய நம் மகள் நம்மோடு தொலைக்காட்சி முன் அமர்ந்து டோக்கியோ ஒலிம்பிக் ஆட்டத்தைக் கண்டாள். பெங்களூர்ப் பெண் அதிதி அசோக், தம் அன்னையாரே மட்டைப் பையைச் சுமந்து உடன்வர, 60 பேர் ஆடிய அப்போட்டியில் நான்காம் இடம் பெற்றார். பதக்கம் ஒரே ஓர் அடியில் தவறியது. அன்று முதல் மகளும் மட்டை பிடிக்கத் தொடங்கினாள். நாமே ஆசான் என்று பெருமிதம் கொண்டோம்.

அடுத்த ஆண்டு டிசம்பரில் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து ஆடும் போட்டி ஒன்று நடந்தது. எந்தத் திடல் என்பது வேண்டா, அத்திடலின்மேல் பிழையில்லை. விதிப்படி ஒருவர் ஆட்டத்தை மற்றவர் குறிக்க வேண்டும். நம் அட்டை மகள் கையில் இருந்தது. நான்காவது குழியில் நம் பந்து குழிக்கு நான்கடி தொலைவில் நின்றது. பழக்கத்தால் குனிந்து அதை எடுத்துவிட்டோம்.

"அப்பா, பந்து இன்னும் விழவில்லையே" என்றாள்.

"நாலடிதானே அம்மா" என்றோம்.

"நாலடியும் ஓர் அடிதானே அப்பா, எண்ண வேண்டாமா?"

முந்திய வாரந்தான் அவளுக்கு நாலடியார் என்ற பெயரின் காரணத்தைச் சொல்லிக் கொடுத்திருந்தோம். அது இவ்வாறு திரும்பி வரும் என்று யார் கண்டது! குறியிடாமல் பந்தை எடுத்ததற்குத் தண்டனையாக ஓர் அடி. பந்தைப் பழைய இடத்தில் வைத்து ஆட வேண்டும். வைத்தோம், ஆடினோம், பந்து குழியின் விளிம்பைத் தொட்டு விலகிச் சென்றது. அதன்பின் எஞ்சிய குழிகள் யாவற்றிலும் மூன்றடி, நான்கடித் தொலைவுகள் நம்மைக் கண்டு சிரித்தன. முடிவில் 91. வீட்டுக்குத் திரும்பும் வழியில், வண்டியில் நெடுநேரம் பேசாதிருந்த மகள் கேட்டாள்: "உங்கள் 7.2 எப்படி வந்தது அப்பா?"

விடை நமக்குத் தெரிந்திருந்தது. நண்பர் நால்வர் வாரந்தோறும் சேர்ந்து ஆடுகின்றோம். ஒருவர் பந்து குழியருகே நின்றால் மற்றவர், "எடுத்துக்கொள்ளுங்கள், விழுந்ததாக வைத்துக்கொள்வோம்" என்பது வழக்கம். தொடக்கத்தில் ஈரடித் தொலைவுக்கே இச்சலுகை. பிறகு மூன்றாயிற்று, நான்காயிற்று. மழை தூறினால் ஐந்தும் ஆயிற்று. அட்டையில் அவை விழுந்தனவாகவே ஏறின. இருவர் நேருக்கு நேர் மோதும் ஆட்டத்தில் இவ்வாறு விட்டுக்கொடுக்க விதியில் இடமுண்டு. அடிகளை எண்ணும் ஆட்டத்தில் இல்லை. நம் கேடி, போவன்பள்ளிப் பக்கத்துத் தெலுங்குப் பெரியவர், ஒருநாள் அட்டையை எட்டிப் பார்த்து, "லெக்க தப்பு சார்" என்றார். அவரைக் கடிந்துகொண்டோம். அதை நினைக்க இன்றும் நாணமாக இருக்கிறது. 2009இல் இந்தியன் ஓப்பன் பட்டத்தை வென்ற பெங்களூர் முனியப்பா கேடியாகத் தொடங்கியவரே அல்லரோ? மட்டை சுமப்போரின் கண் எதையும் தவற விடுவதில்லை.

ஐந்தடித் தொலைவு எவ்வளவு பெரிது என்பதை மார்க் பிராடி என்னும் கொலம்பியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கணக்கிட்டிருக்கிறார். அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரரின் எண்ணிறந்த அடிகளை ஆராய்ந்து 2014இல் ஒரு நூல் வெளியிட்டார். அவ்வல்லுநர்களே மூன்றடியிலிருந்து 100-க்கு ஏறத்தாழ 96 முறையும், ஐந்தடியிலிருந்து 77 முறையும், எட்டடியிலிருந்து 50 முறையுமே பந்தைக் குழியில் வீழ்த்துகின்றனர். உலகின் தலைசிறந்தோர் நான்கு முறைக்கு ஒருமுறை தவறவிடும் தொலைவை நாம் கையசைத்துப் பெற்றுக்கொண்டிருந்தோம்.

இனி எண்ணைத் தாழ்த்துவது எங்ஙனம்? முதலில் அது ஏறட்டும் என்று துணிந்தோம். கோடிட்ட பள்ளிக் குறிப்பேடு ஒன்றை வாங்கி, அடுத்த 20 ஆட்டங்களிலும் ஒவ்வோர் அடியையும் எழுதி வந்தோம். எங்கிருந்து அடித்தோம், எந்த மட்டை, எங்கே விழுந்தது, எத்தனை அடியில் முடிந்தது என்பன யாவும் அதில் உண்டு. குழியில் விழும் ஓசை கேட்கும்வரை பந்தை எடுப்பதில்லை. நண்பர்களுக்கு இது பிடிக்கவில்லை. நம்மால் ஆட்டம் நீளுகிறது என்றனர். ஒருவர் சில வாரங்கள் வரவே இல்லை. பத்துத் திங்கள் கழிந்து 20 ஆட்டங்கள் முடிந்தபோது சராசரி 10.8 என்று வந்தது. ஓராண்டுக்குள் இருந்த மிகத் தாழ்ந்த எண்ணிலிருந்து 3-க்கு மேல் ஏறினால், அம்மிகுதியைப் பாதியாக்கும் கட்டு ஒன்று கணக்கு முறையில் உண்டு; அதன் கருணையால் 10.5 ஆயிற்று. 'செலவு செய்து மட்டை வாங்கி மூன்று படி மேலேறியவர்' என்று வீட்டில் ஒரு பட்டமும் கிடைத்தது.

ஆனால் குறிப்பேடு பேசத் தொடங்கியது. புது டிரைவரால் நாம் இழந்த அடிகள் மிகச் சில. பெற்றவையும் மிகச் சில. பச்சை மேடையை நோக்கி 140, 150 கஜத்திலிருந்து அடிக்கும் அடிகளில்தான் ஆட்டம் கசிந்துகொண்டிருந்தது. பிராடி கூறுவதும் இதுவே: வல்லுநரையும் மற்றவரையும் பிரிக்கும் அடிகளில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு 100 கஜத்துக்கு அப்பாலிருந்து அடிப்பவை. நம் ஏட்டில் மேடை தவறிய பந்துகளுள் பெரும்பாலானவை குறுகி விழுந்தவை. காரணம் எளிது. ஏழாம் எண் மட்டையால் 150 கஜம் அடிப்போம் என்பது நம் நம்பிக்கை. என்றோ ஒரு கோடையில், தரை இறுகிக் காற்றும் துணைநின்றபோது அடித்தது அது. ஏட்டின்படி அம்மட்டையின் இயல்பான தொலைவு 138. அன்று முதல் ஒரு மட்டை கூடுதலாக எடுத்தோம். வேறொன்றும் செய்யவில்லை, ஆட்டத்துக்கு ஓர் அடிக்கு மேல் மிச்சமாயிற்று. மழைக்காலத்தில் பந்து விழுந்த இடத்திலேயே புதையுமாதலின் ஜூலையில் இன்னும் ஒரு மட்டை வேண்டியிருந்தது.

இரண்டாவது பாறை. தக்காணத்துக் கருங்கற் பாறைகளின் அழகை நாம் சொல்லவேண்டுவதில்லை; கச்சிபௌலியில் ஒரு திடலுக்குப் போல்டர் ஹில்ஸ் என்றே பெயர். அவ்வழகுக்கிடையே பந்து ஒளிந்துகொண்டால், இரு பாறைகளுக்கு நடுவே உள்ள கையகல இடைவெளியில் அதைச் செலுத்தி மேடையில் ஏற்றிவிடலாம் என்று தோன்றும். ஏட்டில் இத்தகைய வீரச்செயல் 17 முறை பதிவாகியிருந்தது; ஏறியது இரண்டு. எஞ்சியவற்றில் பந்து பாறையில் மோதி நம் காலடிக்கே வந்தது; ஒருமுறை காலின்மேலேயே வந்தது. இப்பொழுது பக்கவாட்டில் தட்டி வெளியே கொணர்ந்துவிடுகின்றோம். கேடிப் பெரியவர் இதைப் பார்த்துத் தலையசைக்கிறார். அத்தலையசைப்பு நமக்கு ஒரு பதக்கம்.

மூன்றாவது, மூன்று முறை தட்டி முடிக்கும் நோய். இருபதடியிலிருந்து ஒரே தட்டில் வீழ்த்துவது வல்லுநருக்கே 100-க்கு 15 முறைதான் வாய்க்கிறது என்று அறிந்தபின், தொலைவிலிருந்து குழியைக் குறிபார்ப்பதை விட்டுவிட்டு, விசையை மட்டும் அளக்கப் பழகினோம். முதல் தட்டில் பந்து குழியை ஒட்டி நின்றால் போதும். மூன்றடிப் பயிற்சி வீட்டுக் கூடத்தில் நடந்தது. எவர்சில்வர் டம்ளர் ஒன்றைச் சாய்த்து வைத்து, மகளும் நாமும் இரவு உணவுக்குப்பின் இருபது இருபது பந்துகள் தட்டுவோம். தோற்றவர் பாத்திரம் துலக்க வேண்டும். டம்ளர் நசுங்கியது. பாத்திரம் துலக்குவதில் நமக்கு நல்ல தேர்ச்சி ஏற்பட்டது.

டோக்கியோவில் அதிதி நீண்ட தொலைவு அடிப்போருள் ஒருவராக இருந்தாரல்லர். முன்னின்ற மற்றவரைவிட அவர் பந்து மிகப் பின்தங்கியே விழுந்தது. உலக வரிசையில் 200ஆம் இடத்திலிருந்த அவரை நான்காம் இடத்துக்குக் கொண்டுசென்றது மேடைமேல் அவர் கை காட்டிய அமைதி. அன்று அதே தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்தும் நாம் அதனைக் காணவில்லை; மகள் கண்டாள். அவள் இன்றுவரை நீள அடியைப் பற்றி நம்மிடம் ஒரு வினாவும் எழுப்பியதில்லை.

கோல்கொண்டாக் கோட்டையின் நயா கிலாப் பகுதியிலுள்ள திடலில் ஆடும்போது, 'ஹதியான் கா ஜாட்' என்று இவ்வூரார் வழங்கும் பழம்பெரும் பெருக்க மரம் ஒன்று கண்ணில் படும். ஆப்பிரிக்காவிலிருந்து வந்து சில நூற்றாண்டுகளாக இங்கே வேரூன்றிய மரம். வந்தேறியாகிய நமக்கு அதன்மேல் ஓர் உறவு உண்டு. சென்ற ஆண்டு அவ்வழியே நடந்தபோது நண்பர் ஒருவர், அன்று கோபித்துச் சென்றவர்தாம், தம் பந்து மூன்றடியில் நிற்கக் கண்டு நம்மை நோக்கினார். நாம் வாய் திறக்கவில்லை. அவர் குனிந்து தட்டினார், விழுந்தது. "இப்பொழுதுதான் ஐயா ஓசை கேட்டது" என்றார்.

எண் இப்பொழுது 6.8. நினைத்த 5 இன்னும் தொலைவில்தான். மகளுடையது 6.1, அதைப் பற்றி இங்கே விரித்தெழுத நாம் விரும்பவில்லை. வரும் ஞாயிறன்று புதிய ஆட்டம் ஒன்று ஏட்டில் ஏறும், பழையதொன்று உதிரும். உதிரவிருப்பது சென்ற மார்ச்சில் ஆடிய 76. நம் எட்டு நல்ல ஆட்டங்களுள் அதுவும் ஒன்று. அதற்கு ஈடாக ஒன்றைக் கொடாவிட்டால் எண் மீண்டும் 7-ஐத் தாண்டும். காலை ஐந்தரை மணிக்கு மாரேட்பள்ளியில் கேடிப் பெரியவரை ஏற்றிக்கொள்ள வேண்டும். அட்டை மகள் கையில்.