15 கிலோவுக்குள் ஆப்பிரிக்கா

நைரோபியின் வில்சன் விமான நிலையத்தில் கேமராக்காரர்கள் சிங்கத்தைப் பார்க்கும் முன்பே தராசைப் பார்த்து நடுங்குகிறார்கள். மசாய் மாராவுக்குப் பறக்கும் சிறு விமானங்களில் கைப்பையையும் சேர்த்து ஆளுக்கு வழக்கமாக 15 கிலோதான். மூன்று கிலோ லென்ஸுக்காக மாற்றுச் சட்டைகள் தியாகமாகின்றன. புழுதிக்குப் பிளாஸ்டிக் பை சுற்றவும் வழியில்லை. கென்யா அதை 2017-இல் தடை செய்துவிட்டது. தலையணை உறைதான் கவசம்.

இத்தனையும், ஜூலைக்கும் அக்டோபருக்கும் இடையே வில்டபீஸ்ட் கூட்டம் முதலைகளுக்குத் தப்பி மாரா நதியைக் கடக்கும் சில நிமிடங்களுக்காக.

கடைசி முதலை இந்தியச் சுங்கத்தில் காத்திருக்கிறது. புறப்படும்போதே சீரியல் எண்ணைக் காட்டிச் சுங்கச் சான்றிதழ் வாங்காதவர், திரும்பும்போது சொந்தக் கேமராவுக்கே வரி கட்ட நேரலாம். 15 கிலோ கணக்கில் அந்தத் தாளுக்கு எடையே இல்லை.